பூட்டிய வீடும் அரசங்கன்றும்

போன வாரம் நான் பார்க்கப் போனது இன்னொரு வீடு. பதினோரு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். படுக்கையறையில் பெயர்ந்து விழுந்திருந்த காரையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கார அம்மா கேட்டார்: "யாருமே புழங்காத வீடு தம்பி, எப்படி இப்படி ஆச்சு?" இந்த மழைக்காலத்தில் இது நான்காவது வீடு. நான்கு வீட்டிலும் இதே கேள்வி.

யாரும் புழங்காததால்தான் ஆனது.

உக்ரைனில் பிரிப்யாத் என்று ஒரு ஊர். செர்னோபில் அணு உலை வெடித்த மறுநாள், 1986 ஏப்ரல் 27 அன்று, ஏறக்குறைய 49,000 பேரை அங்கிருந்து பேருந்துகளில் ஏற்றி அனுப்பினார்கள். கட்டடங்களுக்கு அன்று ஒரு கீறலும் இல்லை. அப்புறம் மழைநீர்க் குழாய்களில் இலை அடைத்தது, மாடியில் தண்ணீர் நின்றது, குளிரில் உறைந்து விரிசலைப் பெரிதாக்கியது. இன்று அந்த ஊர் ஒரு காடு. மாடிகளிலேயே மரங்கள் நிற்கின்றன. அங்கே நடந்ததுதான் உங்கள் மொட்டை மாடியிலும் நடக்கிறது. நமக்கு உறைபனி இல்லை, அதற்குப் பதில் அரச மரமும் ஆல மரமும் இருக்கின்றன.

அந்த அம்மா வீட்டில் தண்ணீர் வெளியேறும் துளையை வேப்பிலையும் புறா இறகும் அடைத்திருந்தன. பக்கத்தில் கைப்பிடிச் சுவரில் முழங்கால் உயர அரசங்கன்று. தண்டு கட்டைவிரல் பருமன்தான். கொத்தனாரை விட்டுத் தட்டோட்டைப் பெயர்த்தால், வேர் எட்டடி தூரம் ஓடி, நாடா மாதிரித் தட்டையாகி, படுக்கையறைச் சுவருக்குள் இறங்கியிருந்தது.

"வருஷா வருஷம் ஆள் விட்டு வெட்டினோமே!" என்றார். ஐயா, அம்மா, தயவுசெய்து கேளுங்கள்: வெட்டுவது வேலையே இல்லை. மேலே வெட்டினால் வேர் சாகாது. அடுத்த மழைக்குத் துளிர்க்கும். நீங்கள் பார்க்கிற கன்று அதே உயரத்தில் இருக்கும், பார்க்காத வேர் பருத்துக்கொண்டே போகும். ஐந்து முறை வெட்டிய கன்று, ஐந்து வருடம் வேர்விட்ட மரம். ஆசிட் ஊற்றுவது இன்னும் மோசம். அது சிமெண்டைத் தின்று உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவேறிய கம்பி பருத்துக் காரையைத் தள்ளிவிடும்.

இரண்டு இலை விட்டபோதே, மழை நனைத்த மறுநாள், வேரோடு பிடுங்குங்கள். விரல் பருமன் ஆகிவிட்டால் காரையைத் திறந்து வேர் போன வழியெல்லாம் எடுத்து, பிறகு பூசுங்கள். மரமாகவே ஆகிவிட்டதா? கை வைக்காதீர்கள், கயிறு கட்டி இழுக்காதீர்கள். வேர் சுவரைப் பிளந்த பிறகு சில இடங்களில் அந்த வேர்தான் சுவரைத் தாங்கி நிற்கிறது. மர வேர்கள் சுவர்களைக் கவ்வி நிற்கும் கம்போடியாவின் தா புரோம் கோயிலில் நம் இந்தியத் தொல்லியல் துறையினர் மரங்களையும் வைத்துக்கொண்டே கல்லைச் சீரமைக்க வேண்டியிருந்தது இதனால்தான். பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

அரச மரத்தை அழிக்க மனம் வரவில்லை என்பவர்கள், வேரோடு எடுத்த கன்றை ஏரிக்கரையில் வையுங்கள். நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

ஊருக்குப் போகிறவர்கள் சாவியை மாடி ஏறக்கூடிய ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். ஐப்பசி பிறக்கும் முன் ஒரு தடவை, தை பிறந்ததும் ஒரு தடவை ஏறினால் போதும். கையில் ஒரு துடைப்பம் இருக்கட்டும். அந்தத் துளையை மட்டுமாவது பார்க்கச் சொல்லுங்கள்.