ஓடிய காரில் தேய்வது எது, அரிப்பது எது?

பழைய காரை வேலை பார்த்து வைத்துக்கொள்வதா, கொடுத்துவிட்டு வேறு வாங்குவதா என்ற கேள்வி எழுந்ததும் பெரும்பாலோரின் கண் ஓடோமீட்டருக்குத்தான் போகிறது. இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் வண்டியின் ஆயுள் முடிந்தது என்று தீர்மானித்துவிடுகிறார்கள். அந்த எண்ணோ வண்டி எவ்வளவு தூரம் ஓடியது என்பதை மட்டுமே சொல்கிறது. உள்ளே எந்தப் பாகம் எப்படி மூப்படைந்திருக்கிறது என்பது அதில் தெரியாது. ஒரு காரில் இருவகை மூப்பு ஒரே காலத்தில் நடக்கிறது. உராயும் பாகங்களில் நடப்பது தேய்மானம். அதைப் பெரும்பாலும் பாகம் மாற்றிச் சரிசெய்துவிடலாம். தகட்டில் நடப்பது அரிப்பு. அது ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் மீட்பு இல்லை. வண்டியை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதை இந்த இரண்டாவது மூப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் தேய்மானத்தைப் பார்ப்போம். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில், பிஸ்டன்களின் மேலும் கீழுமான அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டு, தன்னைத் தாங்கும் பேரிங்கைத் தொடுவதே இல்லை. சுழலும் தண்டு ஆயிலைத் தன்னோடு இழுத்துச் சென்று, தனக்கும் பேரிங்குக்கும் இடையே குறுகிக்கொண்டே போகும் இடைவெளிக்குள் செலுத்துகிறது. அங்கே எழும் அழுத்தம் தண்டையே தூக்கித் தாங்குகிறது. சில மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள இந்த ஆயில் படலம் இருக்கும்வரை உலோகமும் உலோகமும் உரசுவதில்லை. சாவியைத் திருப்பி எஞ்சினைக் கிளப்பும் அந்தச் சில நொடிகளில்தான், படலம் உருவாவதற்கு முன், தொடுதலும் தேய்மானமும் நிகழ்கின்றன. குறுகிய ஓட்டத்தில் இன்னொரு கேடும் உண்டு: ஆயில் முழுச் சூட்டை அடைவதற்குள் வண்டி நின்றுவிடுவதால், எரிதலில் பிறக்கும் நீராவி ஆயிலிலேயே நீராகத் தங்கி, எரியாத பெட்ரோலோடும் அமிலங்களோடும் கலந்து, ஆயிலின் காக்கும் திறனைக் குறைத்துவிடுகிறது.

ஆகவே, திருநெல்வேலியில் ஒருமுறை கிளப்பினால் ஏறத்தாழ 620 கிலோமீட்டர் கடந்து சென்னையில் போய் நிற்கும் காரின் இரண்டு லட்சம் கிலோமீட்டரும், ஜங்ஷனுக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே வண்ணாரப்பேட்டை நெரிசலில் ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று கிளம்பும் காரின் அறுபதாயிரமும் ஒரே கணக்கில் வருவன அல்ல. முன்னதன் எஞ்சின் பின்னதைவிட நல்ல நிலையில் இருந்தால் வியப்பதற்கு எதுவுமில்லை.

நம் சீமையில் எஞ்சினுக்கு வெளியிலிருந்து வரும் எதிரி புழுதி. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று பணகுடி, இராதாபுரம் பக்கமெல்லாம் மண்ணை வாரி இறைக்கிறது. திசையன்விளை, சாத்தான்குளம் வட்டாரத்தில் தேரியின் செம்மணல் இருக்கிறது. மணலில் உள்ள குவார்ட்ஸ் கனிமத்தின் கடினம், கனிமங்களை 1 முதல் 10 வரை தரம்பிரிக்கும் மோஸ் அளவுகோலில் 7. சிலிண்டர் சுவரின் இரும்பு அதைவிட மென்மையானது. ஏர் ஃபில்டர் வழியாகத் தப்பிவரும் நுண்துகள் பிஸ்டனைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் ரிங்குக்கும் சுவருக்கும் இடையே அகப்பட்டால் இரண்டையும் அறுக்கும். தாள் ஃபில்டரைக் காற்றடித்து மீண்டும் மீண்டும் மாட்டுவது, தாளில் கண்ணுக்குத் தெரியாத கிழிசலை உண்டாக்கி இந்தத் துகளுக்கே வழிவிடும். சில நூறு ரூபாய் ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றுவதே மேல்.

எஞ்சின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, அளந்துவிடலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் கம்ப்ரஷன் மீட்டரைப் பொருத்தி எஞ்சினைச் சுழற்றினால், நல்ல பெட்ரோல் எஞ்சின் ஏறத்தாழ 10 முதல் 13 பார் (அழுத்த அலகு) வரை காட்டும். எல்லாச் சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டினால் தேய்மானம் சீரானது. ஒன்று மட்டும் வெகுவாகத் தாழ்ந்திருந்தால் பழுது அங்கே இருக்கிறது. தாழ்ந்த சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏனெனில் அந்த இடைவெளியை ஆயில் தற்காலிகமாக அடைத்துவிட்டது. ஏறாவிட்டால் வால்வையோ, எஞ்சின் தலைப்பகுதிக்கும் சிலிண்டர் பகுதிக்கும் இடையே கசிவை அடைக்கும் ஹெட் கேஸ்கட்டையோ ஐயுற வேண்டும். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெண்புகை நிற்காமல், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால், கூலன்ட் சிலிண்டருக்குள் போகிறது. ரேடியேட்டரில் உப்புக் கலந்த போர்வெல் தண்ணீரை ஊற்றிப் பழகிய வண்டிகளில், நீர்க்குழாய்களுக்குள் காறை படிந்து வெப்பம் வெளியேறாமல் ஹெட் கேஸ்கட் போவதை நம் பட்டறைகள் நன்கு அறியும்.

இவையெல்லாம் செலவு வைக்கும் பழுதுகள்தாம். எஞ்சினை இறக்க வேண்டும் என்று மெக்கானிக் சொன்னதும் பலர் வண்டியையே விற்றுவிடத் துணிகிறார்கள். ஆனால் ரிங், வால்வு, கேஸ்கட், கிளட்ச் பிளேட், ஷாக் அப்சார்பர், புஷ் ஆகிய அனைத்தும் கடையில் கிடைப்பவை. திறமையான கையில் பட்டால், பழுதுபட்ட அந்த வேலையின் மட்டில் வண்டி மறுபடி புதிதாகிறது.

தகட்டின் கதை வேறு. உவரி, இடிந்தகரை, திருச்செந்தூர் போன்ற கரையோர ஊர்களில் அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து, உப்புத் துகள்களாக வந்து வண்டியின் அடியில் ஒட்டுகின்றன. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி நீர்த்துப்போவது போல. கடல் உப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடுக்கோ ஏறத்தாழ 33 சதவீத ஈரப்பதமே போதும். கரையோரக் காற்றின் ஈரம் அவ்வளவு தாழ்வது அரிது என்பதால், கடலுப்பு படிந்த தகடு வெயிலில் காய்ந்ததாகத் தோன்றினாலும் அதன்மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கிறது. அந்தப் படலம் மின்சாரத்தை நன்கு கடத்தும். தகட்டின் ஓரிடத்தில் இரும்பு எலக்ட்ரான்களை இழந்து கரைய, வேறோரிடத்தில் காற்றின் ஆக்சிஜன் அவற்றை ஏற்றுக்கொள்ள, நடுவே உப்புநீர் மின்சுற்றை முடித்துவைக்கிறது. விளையும் துரு, கரைந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் பெயின்ட்டை அடியிலிருந்து பெயர்த்து, புதிய இரும்பை உப்பின்முன் திறந்துவிடுகிறது. ஐஸ் உருகி வழியும் மீன் பெட்டிகளை டிக்கியில் ஏற்றும் வண்டிகளில் இதே வேலை உள்ளிருந்தும் நடக்கிறது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனியாகச் சேஸிஸ் என்னும் அடிச்சட்டம் கிடையாது. ஒன்றோடொன்று வெல்டிங் செய்யப்பட்ட தகடுகளே எலும்புக்கூடு. ஷாக் அப்சார்பரின் மேல்முனை பொருந்தும் கூடும், சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்ம் பொருந்தும் இடமும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவச் சட்டமும் மோதலின் விசையையும் பள்ளத்தின் அதிர்ச்சியையும் தாங்க வேண்டியவை. அங்கே துரு தின்றுவிட்டால் மாற்றுவதற்குப் பாகம் என்று ஒன்று இல்லை. ஒட்டுத் தகடு வைத்து வெல்டிங் செய்தாலும் பழைய வலிமை வரும் என்று உறுதி கூற முடியாது. வண்டியைத் தூக்கி நிறுத்தி இந்த இடங்களை ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டி, ஐயமான இடத்தை அதன் முனையால் அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்தது மந்தமாக ஒலிக்கும், முனை உள்ளே இறங்கிவிட்டால் அந்த வண்டியில் இனிப் பணம் போடக் கூடாது. பட்டி (நிரப்பும் பசை) வைத்து மேலே பெயின்ட் அடித்து மறைத்திருந்தால், துணி சுற்றிய காந்தம் அந்த இடத்தில் ஒட்டாது. இந்தச் சோதனையை எஞ்சின் வேலைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

செலவுக் கணக்கிலும் ஒரு பொதுவான பிழை நடக்கிறது. "விற்றால் ஒரு லட்சம்தான் போகும், அதற்கு எழுபதாயிரம் செலவு செய்வதா?" என்று கேட்கிறார்கள். ஒப்பிட வேண்டியது விற்பனை விலையோடு அன்று. வேறு வண்டி வாங்கினால் வரும் ஆண்டுகளில் ஆகும் செலவோடு. எட்டு லட்ச ரூபாயை 9 சதவீத வட்டியில் ஏழாண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 12,870 ரூபாய். வட்டி மட்டுமே 2.8 லட்சத்தைத் தாண்டும். காப்பீட்டு விதிகளின்படி வண்டியின் மதிப்பு முதலாண்டு முடிவில் 15 சதவீதமும், ஐந்தாம் ஆண்டு முடிவில் 50 சதவீதமும் குறைத்துக் கணக்கிடப்படுகிறது. எழுபதாயிரம் ரூபாய் வேலை இரண்டாண்டு ஓட்டத்தைத் தருமானால், அது மாதம் மூவாயிரத்துக்கும் குறைவு. போன ஆண்டு கிளட்சுக்குக் கொடுத்த பணமோ எந்தப் பக்கத்துக் கணக்கிலும் சேராது.

பழுது பார்க்கப் பார்க்கச் செலவு பெருகிக்கொண்டே போகும் என்ற அச்சத்துக்குக் கணிதத்தில் ஒரு பதில் உண்டு. பாகங்கள் தனித்தனியே பழுதாகி, வெவ்வேறு காலங்களில் மாற்றப்பட்டு ஓடும் சிக்கலான கருவியில், பழுதுகள் வரும் வேகம் நாளடைவில் ஏறத்தாழ நிலையான அளவை அடைந்துவிடும் என்று 1960-இல் ட்ரெனிக் என்ற ஆய்வாளர் நிறுவினார். நல்ல தகட்டின்மேல், பாகம் பாகமாக மாற்றப்பட்டு ஓடும் பழைய காரில் ஆண்டுச் செலவு ஏறிக்கொண்டே போகாமல் ஓர் அளவில் நிற்பது இதனால்தான். மாற்ற முடியாத தகட்டுக்கு இந்தத் தேற்றம் பொருந்தாது. எனவே பில்களைத் தேதியோடு சேர்த்துவைத்துக் கூட்டிப் பார்ப்பது பயனுள்ளது. ஒவ்வொரு ஆண்டும் தொகை தொடர்ந்து ஏறினால் காரணம் பெரும்பாலும் தகட்டிலோ வயரிங்கிலோ இருக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைத் தனியே சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 மழையில், ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த காயல்பட்டினம் முதல் தாமிரபரணிக் கரை ஊர்கள் வரை எத்தனையோ கார்கள் நீருக்குள் நின்றன. தண்ணீர் அழுத்தத்துக்குச் சுருங்காது. சிலிண்டருக்குள் புகுந்த நீரோடு எஞ்சினைக் கிளப்பினால் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதையாவது மாற்றிவிடலாம். வயரிங் இணைப்புகளுக்குள் தங்கிய வண்டலும் ஈரமும் மாதங்கள் கழித்து ஒவ்வொன்றாகக் கோளாறு காட்டுவதுதான் பெருந்தொல்லை. டாஷ்போர்டு வரை நீர் ஏறிய பழைய காரை, எஞ்சின் ஓடினாலும், வைத்துக்கொள்ளும்படி நான் சொல்ல மாட்டேன்.

சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். ஆகவே வயது மட்டும் தடையில்லை. ஆனால் எந்தப் பட்டறையும் பழைய காரில் சேர்த்துத் தர முடியாத ஒன்று உண்டு: பாதுகாப்பு. சட்டென்று மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரல் முதலும், ஓட்டுநருக்கான ஏர்பேக் அதே ஆண்டு ஜூலை முதலும்தான் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாயின. நான்குவழிச் சாலையில் குடும்பத்தோடு அடிக்கடி மதுரைக்கும் சென்னைக்கும் போகிறவர், இவை இல்லாத காரின் எஞ்சினுக்குச் செலவிட எண்ணும் பணத்தை, இவை உள்ள ஐந்தாறு ஆண்டுப் பழைய காரொன்றுக்கு முதலாக வைப்பதே நல்லது. சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் போய்வருவதோடு சரி என்பவர், தகடு கணீரென்று ஒலிக்கும்வரை, கையிலிருக்கும் வண்டியையே வேலை பார்த்து ஓட்டலாம்.