சூ யுவான்சாங்கின் மதிலில் கலந்த அரிசிக் கஞ்சி

பழங்காலச் சீனாவில் மதில் கட்டும்போது சுண்ணாம்புச் சாந்தில் அரிசிக் கஞ்சி கலந்தார்களாமே, உண்மையா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான். இதற்கு நாஞ்சிங் நகர மதிலைவிட நல்ல உதாரணம் கிடையாது. அதைக் கட்டியவர் மிங் வம்சத்தைத் தொடங்கிய சூ யுவான்சாங்.

1328இல் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் இவர். 1344இல் பஞ்சமும் கொள்ளைநோயும் பெற்றோரைக் கொண்டுபோயின. பௌத்த மடத்தில் சேர்ந்தார், ஊர் ஊராகப் பிச்சை எடுத்தார். 1352இல் மங்கோலிய ஆட்சிக்கு எதிரான செந்தலைப்பாகைக் கலகக்காரர்களோடு சேர்ந்தார். 1356இல் நாஞ்சிங் அவர் கைக்கு வந்தது. "மதிலை உயர்த்துங்கள், தானியத்தைச் சேருங்கள், அரசர் பட்டத்துக்கு அவசரப்படாதீர்கள்" என்று சூ ஷெங் என்ற அறிஞர் சொன்ன யோசனையை அவர் விடாமல் பின்பற்றினார். மதிலின் அருமை அவருக்கு நன்றாகவே தெரியும். 1360இல் எதிரி சென் யோலியாங், வெள்ளத்தில் தன் பெருங்கப்பல்களைத் தைப்பிங் நகர மதிலை ஒட்டி நிறுத்தி, கப்பலின் பின்பக்கத்திலிருந்தே வீரர்களை மதில்மேல் ஏற்றி நகரைப் பிடித்திருந்தார். அந்த சென் 1363இல் போயாங் ஏரிப் போரில் மாண்டார். 1368இல் சூ பேரரசரானார்.

நாஞ்சிங் மதில் வேலை அதற்கு முன்பே, 1366இல் தொடங்கிவிட்டது. உள்மதில் மட்டுமே சுமார் 35 கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் இன்றும் நிற்கிறது. யாங்சி ஆற்றை ஒட்டிய மாவட்டங்களிலிருந்து செங்கற்கள் வந்தன. பல செங்கற்களில் மாவட்ட அதிகாரி, சூளைக்காரர், கல் அறுத்தவர் ஆகியோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கல் உடைந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே! பிற்காலத்தில் சந்தேகத்தின் பேரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற, 1380இல் தலைமை அமைச்சர் பதவியையே ஒழித்துவிட்ட ஆட்சி அது. அந்தப் பெயர்களைப் படிக்கும்போது அவர்கள் எத்தனை பயத்தோடு மண் பிசைந்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

சரி, சாந்துக்கு வருவோம். சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சும் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கி மறுபடி கால்சியம் கார்பனேட்டாக இறுகும். இதெல்லாம் பள்ளிப் பாடம்.

கஞ்சி இல்லாத சாந்தில் இந்தக் கார்பனேட், கால்சைட் படிகங்களாகத் தன்போக்கில் வளர்கிறது. படிகங்கள் பெரிதாகின்றன, ஒழுங்கில்லாமல் கிடக்கின்றன, நடுவே இடைவெளிகள் விழுகின்றன. சாக்கில் கருங்கல் ஜல்லியை நிரப்பினால் எவ்வளவு குலுக்கினாலும் சந்து இருக்குமே, அப்படி. அந்தச் சந்துகளில் நீர் இறங்கும், விரிசல் ஓடும்.

சாந்தில் கலந்த கஞ்சி, வெந்தால் பசைபோல் ஒட்டும் அரிசியில் காய்ச்சியது. அந்த ஒட்டும் அரிசியின் மாவுச்சத்து ஏறக்குறைய முழுக்க அமைலோபெக்டின். குளுக்கோஸ் அலகுகள் கிளை கிளையாகப் பிரிந்து நீளும் மிகப்பெரிய மூலக்கூறு அது. சாந்தில் படிகம் முளைவிடத் தொடங்கியதும் அமைலோபெக்டின் அதன் மேற்பரப்பில் ஒட்டி, மேற்கொண்டு வளரவிடாமல் தடுக்கிறது. ஒன்று பெரிதாக முடியாதபோது பல இடங்களில் சின்னஞ்சிறு படிகங்கள் தோன்றுகின்றன. அவை நெருக்கமாக அடைகின்றன, மிச்ச இடுக்குகளை மாவுச்சத்தே நிரப்பிக்கொள்கிறது. கல்லின் கெட்டித்தன்மையும், கொஞ்சம் வளைந்துகொடுக்கும் குணமும் ஒரே பொருளில் சேர்ந்துவிடுகின்றன. வளர்ச்சியைத் தடுப்பதாலேயே வலிமை கூடுகிறது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அப்படியானால் இத்தனை நூற்றாண்டில் அரிசி ஏன் அழுகவில்லை? சாந்தின் உள்ளே கார்பனேட்டாக மாறாத சுண்ணாம்பு கொஞ்சம் தங்கிவிடுகிறது. அதன் கடுமையான காரத்தன்மையில் நுண்ணுயிர்கள் பிழைப்பது கடினம். ஆக, சுண்ணாம்பு அரிசியைக் காக்கிறது, அரிசி சுண்ணாம்பை இறுக்குகிறது.

சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தச் சாந்தை விரிவாக ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். பழைய சாந்தில் மாவுச்சத்து இருக்கிறதா என்று கண்டறிய அவர்கள் பயன்படுத்திய வழிகளில் ஒன்று நாம் பள்ளியில் செய்த அதே அயோடின் சோதனை. சாதாரண மாவுச்சத்து நீலமாகும், அமைலோபெக்டின் செம்பழுப்பாகும்.

நாஞ்சிங்கில் வேறொரு கதையும் உண்டு. தெற்கு வாசல் கட்டக்கட்ட இடிந்ததாம், ஷென் வான்சான் என்ற செல்வந்தரின் மாயப் புதையல் கிண்ணத்தை அடியில் புதைத்த பிறகே நின்றதாம். இந்தக் கதை எனக்குப் பிடிக்காததற்குக் காரணம், காளவாயில் வெந்தவர்களின் உழைப்பையும் கொத்தர்களின் கைத்திறனையும் அது ஒரு கிண்ணத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிடுகிறது.

பழைய மதில்களைச் செப்பனிட சிமெண்டைப் பூசுவது பல நாடுகளில் நடக்கும் தவறு. சிமெண்ட் பழைய செங்கல்லைவிடக் கடினம், ஈரத்தையும் எளிதில் வெளியே விடாது. சிக்கிய ஈரமும் உப்பும் செங்கல்லை உதிர்க்கின்றன. அந்த ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்ததில், கஞ்சி கலந்த சாந்து வெறும் சுண்ணாம்புச் சாந்தைவிட வலுவாகவும், பழைய கட்டுமானத்தோடு நன்றாகப் பொருந்துவதாகவும் இருந்தது. நம் ஊர்க் கொத்தர்கள் சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்ததையும் இதே கண்ணோடு ஆராய வேண்டும். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. கோபுரத்துக்கு வண்ணம் பூச ஒதுக்கும் தொகையில் சிறு பங்கைச் சாந்துப் பரிசோதனைக்கு ஒதுக்கினாலே, எந்தச் சுவருக்கு எந்தக் கலவை என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடலாம்.