செயல்பாடுகள்: எதுவும் இல்லை

நியூ ஜெர்சியில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கவுன்சலராக இருக்கிறேன். கவுன்சலர் என்றால் மனநலம் மட்டும் பார்ப்பவர் என்று நம்மவர்கள் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது வேலையில் ஒரு பகுதிதான். எந்தப் பாடம் எடுப்பது, எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது, பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது என்பதெல்லாம் மீதி. இதோடு எங்கள் ஊரில் ஒரு சின்ன அறக்கட்டளையின் ஸ்காலர்ஷிப் குழுவில் சில வருடங்களாக விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடுகிறேன். (என் பள்ளிப் பிள்ளைகளின் படிவம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன்.) ஆக, மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தாயிற்று.

சில வருடங்களுக்கு முன் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு தமிழ்ப் பெண் விண்ணப்பப் படிவத்தோடு என் அறைக்கு வந்தாள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். மதிப்பெண் சுமார். 'செயல்பாடுகள்' என்ற கட்டத்தில் 'எதுவும் இல்லை' என்று எழுதியிருந்தாள்.

"ஸ்கூல் விட்டதும் என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் இல்ல மிஸ். வீட்டுக்குப் போயிடுவேன்."

"வீட்டுக்குப் போய்?"

பஸ் நிறுத்தத்திலிருந்து தம்பியை அழைத்துக்கொண்டு போவாள். அப்பா உணவகத்தில் சமையல் வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து வீட்டோடு இருக்கிறார். அவருக்குச் சாப்பாடு, மருந்து, கைகால் பயிற்சி. அம்மாவுக்கு வேர்ஹவுஸில் மாலை ஷிஃப்ட், வீடு வந்து சேர நள்ளிரவு தாண்டிவிடும். பிசியோதெரபி பில்லை ஏன் மறுத்தீர்கள் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஃபோன் போட்டு வாதாடுவதும் இவள்தான், ஒன்பதாம் வகுப்பிலிருந்தே. அதே கட்டடத்தில் ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாத இரண்டு குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு வரும் கடிதங்களையும் படித்துச் சொல்கிறாள், படிவம் நிரப்பிக் கொடுக்கிறாள்.

"இதெல்லாம் ஆக்டிவிட்டியா மிஸ்?" என்று கேட்டாள். கேலியில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

ஆமாம், இதெல்லாம் ஆக்டிவிட்டிதான். கல்லூரிகளுக்குப் போகும் காமன் ஆப் படிவத்தில் பத்து செயல்பாடுகள் வரை எழுதலாம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள். அதில் செயல்பாட்டின் வகையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலைத் திறந்து பாருங்கள். டிபேட், ஆர்க்கெஸ்ட்ரா, ரோபாட்டிக்ஸ் இவற்றோடு 'குடும்பப் பொறுப்புகள்' என்று ஒரு வகையும் இருக்கிறது. சம்பளத்துக்குச் செய்யும் வேலைக்கும் தனி வகை உண்டு. மாமா நடத்தும் கேஸ் ஸ்டேஷனில் சனி, ஞாயிறு கல்லாவில் நிற்கும் பையன் அதை எழுத வெட்கப்படுகிறான். எதற்கு வெட்கம்?

ஸ்காலர்ஷிப் என்றால் நாம் வளர்ந்த ஊரில் இரண்டுதான் தெரியும். ஒன்று மார்க்குக்குக் கொடுப்பது, மற்றது வறுமைக்குக் கொடுப்பது. அமெரிக்காவில் மூன்றாவது வகை ஒன்று நெடுங்காலமாக இருக்கிறது: சேவை, மனம் தளராமை, சுற்றியிருப்பவர்களை முன்னின்று நடத்துவது, இவற்றைப் பார்த்துக் கொடுப்பது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக 1921-ல் தொடங்கிய நேஷனல் ஹானர் சொசைட்டி என்ற அமைப்பு தனக்கு வைத்துக்கொண்ட நான்கு தூண்கள் படிப்பு, சேவை, தலைமை, பண்பு. நான்கில் மூன்று மார்க் ஷீட்டில் வராதவை. நம் பெற்றோர்கள் முதல் தூணில் மட்டும் ஏறிக்கொண்டு நிற்கிறார்கள்.

உதாரணத்துக்கு ஹொரேஷியோ ஆல்ஜர் ஸ்காலர்ஷிப். 1947-ல் தொடங்கப்பட்ட சங்கம் அது. வாழ்க்கையில் பெரிய அடி வாங்கியும் படிப்பைக் கைவிடாத பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். தேசிய அளவில் கிடைத்தால் 25,000 டாலர். குறைந்தபட்ச ஜிபிஏ, அதாவது நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி, எவ்வளவு தெரியுமா? 2.0. தாளில் அந்த எண்ணைக் காட்டியபோது ஓர் அப்பா "அச்சுப் பிழையா இருக்கும் மேடம்" என்றார். பிழையில்லை. அப்பா படுக்கையில் கிடக்கும் வீட்டில் சி கிரேடு வாங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்பது அவர்களுக்குத் தெரியும். குடும்ப வருமானத்துக்கு வரம்பு உண்டு, அதைப் படிவத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பதினோராம் வகுப்பிலேயே விண்ணப்பிக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் வந்து கேட்பவர்களிடம் கையை விரிப்பதுதான் எனக்கு மிகவும் கஷ்டமான வேலை. மேலே சொன்ன பெண்ணும் அப்படித்தான் தவறவிட்டாள். அவள் எனக்கு மூன்று வருட மாணவி. முன்பே கேட்காதது என் தவறு.

என் தவறு இன்னொன்றும் உண்டு. அவள் வேறோர் உதவித்தொகைக்குக் கடிதம் கேட்டபோது 'கடின உழைப்பாளி, பணிவானவள், பொறுப்பானவள்' என்று மூன்று பத்தி எழுதிக் கொடுத்தேன். கிடைக்கவில்லை. அதே வருடம் குழுவில் உட்கார்ந்து, வேறு பள்ளிகளிலிருந்து வந்த கடிதங்களைப் படித்தபோதுதான் உறைத்தது. எல்லாப் பிள்ளைகளும் கடின உழைப்பாளிகளாகவும் பணிவானவர்களாகவும் இருந்தார்கள். ஒரே ஒரு கடிதத்தில் ஓர் ஆசிரியர், 'வகுப்பு முடிந்ததும் இவன் எல்லா நாற்காலிகளையும் தள்ளி வைத்துவிட்டுத்தான் போவான், நான் ஒரு நாளும் சொன்னதில்லை' என்று எழுதியிருந்தார். அந்தப் பையனை நாங்கள் ஐந்து பேரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு நான் கடிதம் எழுதும் விதம் மாறிவிட்டது. கேட்டு வரும் பிள்ளைகளிடம், "நீ செய்து நான் பார்த்திராத ஒன்றைச் சொல்" என்பேன்.

சரி, வீட்டுக்கு வருவோம். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பெண்ணின் அம்மாவை ஃபோனில் அழைத்து, இதையெல்லாம் கட்டுரையில் எழுதச் சொல்லியிருக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "வீட்டு விஷயத்தை வெளிய சொல்றதா மேடம்? நாளைக்கு ஊர்ல நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்றார். இந்தத் தயக்கம் எனக்குப் புதிதல்ல. என் அம்மாவும் இதையேதான் சொல்லியிருப்பார். வீட்டுக் கஷ்டம் வாசற்படி தாண்டக்கூடாது என்பது நமக்கு ஒரு மரியாதை. நான் அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: கட்டுரையைப் படிப்பவர்கள் நம் உறவினர்கள் இல்லை. வியாதியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை, அதற்கு இரண்டு வரி போதும். மீதியெல்லாம் பெண் என்ன செய்தாள் என்பது. இரக்கத்துக்காக எழுதப்பட்ட கட்டுரையைக் குழு உடனே கண்டுகொள்ளும், அதற்கு மதிப்பெண்ணும் குறையும். இன்சூரன்ஸ்காரரிடம் நாற்பது நிமிடம் லைனில் காத்திருந்து, கடைசியில் எந்தத் தாள் விடுபட்டிருக்கிறது என்று கண்டுபிடித்த கதையை எழுதினால், படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

பிள்ளைக்குச் சம்மதம் இல்லையென்றால் எழுத வேண்டாம், அதையும் சொல்லிவிடுகிறேன். கஷ்டத்தை விற்றுத்தான் படிக்க வேண்டும் என்று யாரும் பிள்ளையை நெருக்கக்கூடாது.

இதற்கு நேர் எதிரான இன்னொரு கூட்டம் இருக்கிறது. வசதியான குடும்பங்கள். 'தலைமைப் பண்பு' என்று படித்ததுமே பையன் பெயரில் ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கிவிடுகிறார்கள். லோகோ, இணையதளம், 'நிறுவனர் மற்றும் தலைவர்' என்ற பதவி எல்லாம் தயார். இதற்கென்றே ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் உண்டு. நேர்காணலில் அவர் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்பார்: "நீ காலேஜுக்குப் போன பிறகு இதை யார் நடத்துவார்கள்?" பாதிப் பேர் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். உதவி பெற்றவர் ஒருவரைப் பற்றிச் சொல் என்று நான் கேட்பேன். மீதிப் பேர் அதில் மாட்டுவார்கள்.

மாட்டாத ஒருவன் நினைவுக்கு வருகிறான். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் நான்கு வருடம் மழலை வகுப்பில் உதவியாளனாக இருந்தவன். எந்தப் பதவியும் கிடையாது. 'ழ' வராமல் அழுத ஒரு குழந்தையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினான். வகுப்புக்கு வரும் புதிய உதவியாளர்களுக்காக அவன் கையால் எழுதி வைத்த இரண்டு பக்கக் குறிப்பை, அவன் போன பிறகும் அங்கே பயன்படுத்துகிறார்களாம். தபால்காரர் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

தமிழ்ப் பள்ளியில் உதவுவது சேவையாகக் கணக்கில் வருமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சம்பளம் வாங்காமல் செய்தால் வரும். கோயில் சமையலறையில் பாத்திரம் கழுவுவதும், ஃபுட் பேன்ட்ரியில் பை கட்டுவதும், நூலகத்தில் முதியவர்களுக்கு செல்ஃபோன் சொல்லிக் கொடுப்பதும் வரும். ஆனால் குறித்து வைக்க வேண்டும். தேதி, என்ன செய்தாய், எத்தனை மணி நேரம், யார் பார்த்தார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். நான்கு வருடம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் எல்லாம் 'சுமார் 200 மணி' என்று உருண்டையான எண்ணாக வரும். உருண்டையான எண்ணைப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்.

இனி விசா. இதைச் சொன்னால் சிலருக்கு மனம் கஷ்டப்படும், ஆனால் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. தலைமைக்கும் சேவைக்கும் கொடுக்கப்படுவதில் நாடு முழுவதும் பெயர் பெற்றது கோகோ கோலா ஸ்காலர்ஸ். ஆண்டுக்கு 150 பேருக்குத் தலா 20,000 டாலர். விண்ணப்பிப்பவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். குறைந்தபட்ச ஜிபிஏ 3.0. குடியுரிமை, கிரீன் கார்டு, அகதித் தகுதி போன்றவை இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம். எச்-4, அதாவது பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இடமில்லை. எல்க்ஸ் சங்கத்தின் 'மோஸ்ட் வேல்யுவபிள் ஸ்டூடன்ட்' ஆண்டுக்கு 500 பேருக்கு நான்கு வருடம் கொடுக்கிறது. அதற்குக் கிரீன் கார்டும் போதாது, குடியுரிமையே வேண்டும். எஃப்ஏஎஃப்எஸ்ஏ படிவம் வழியாக வரும் மத்திய அரசு உதவியும் எச்-4 பிள்ளைகளுக்குக் கிடையாது. இந்த ஊரிலேயே மழலை வகுப்பிலிருந்து படித்த பிள்ளை, பதினேழு வயதில் இந்த வரியை முதல்முறை படிக்கும்போது அதன் முகத்தைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் முன்பே பேசிவிடுங்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கு எல்லாக் கதவும் மூடியிருக்கிறதா என்றால், இல்லை. வருமானம் குறைந்த குடும்பம் என்றால், அப்படிப்பட்ட பிள்ளைகளை உதவித்தொகையோடு கல்லூரிகளில் சேர்க்க உதவும் குவெஸ்ட்பிரிட்ஜ் என்ற அமைப்பு இருக்கிறது. அமெரிக்கப் பள்ளியில் படிக்கும் மாணவர்களிடம் அவர்கள் குடியுரிமை கேட்பதில்லை. அப்புறம் உள்ளூர் ஸ்காலர்ஷிப்புகள். ரோட்டரி, லயன்ஸ் கிளைகள், ஊர் நூலக நண்பர்கள் குழு, பெற்றோர் ஆசிரியர் சங்கம், இறந்துபோன ஓர் ஆசிரியர் நினைவாக அவர் குடும்பம் நடத்தும் நிதி. ஐந்நூறு, ஆயிரம், இரண்டாயிரம் டாலர் என்று இருக்கும். பலவற்றில் விசா பற்றிய கேள்வியே இராது. எங்கள் குழுவுக்கு ஒரு வருடம் மொத்தமே பதினொரு விண்ணப்பங்கள்தான் வந்தன. கொடுக்க வேண்டியது நான்கு. ஒரு லட்சம் பேரோடு மோதுவதற்கு நாற்பது மணி நேரம் செலவழிக்கும் வீட்டில், இதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க மாட்டேன் என்கிறார்கள். இந்தப் பட்டியல் உங்கள் பள்ளிக் கவுன்சலிங் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் கிடக்கும், இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். எந்த இடத்திலாவது விண்ணப்பக் கட்டணம் கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

பணம் கிடைத்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. வெளியிலிருந்து 2,000 டாலர் வந்தது தெரிந்ததும், சில கல்லூரிகள் தாங்கள் தருவதாகச் சொன்ன உதவியில் அதே 2,000-ஐக் கழித்துவிடும். பிள்ளைக்கு மிஞ்சுவது பாராட்டுப் பத்திரம் மட்டும். இதைத் தடுக்க முதலில் சட்டம் போட்டது மேரிலாந்து, 2017-ல், அரசுக் கல்லூரிகளுக்கு. பிறகு நியூ ஜெர்சி உட்பட வேறு சில மாநிலங்களும் போட்டன. தனியார் கல்லூரி என்றால் சேருவதற்கு முன்பே நிதி அலுவலகத்தில் கேளுங்கள்: வெளி ஸ்காலர்ஷிப் வந்தால் முதலில் எதைக் குறைப்பீர்கள், கடனையா, இலவச உதவியையா? பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். வரிக் கணக்கிலும் ஒரு விஷயம்: கல்லூரிக் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் போகும் தொகைக்கு வரி இல்லை, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போனால் உண்டு.

அந்தப் பெண்ணுக்குக் கடைசியில் ஓர் உள்ளூர் சங்கத்திடமிருந்து 1,500 டாலர் கிடைத்தது. இப்போது நர்சிங் படிக்கிறாள். பரிசளிப்பு விழாவுக்கு இருபது நிமிடம் தாமதமாக வந்தாள், பார்மஸியில் வரிசை நீளமாம்.

கோகோ கோலா படிவம் ஆகஸ்ட் தொடக்கத்தில் திறந்து செப்டம்பர் 30-ல் மூடும். உள்ளூர் ஸ்காலர்ஷிப்புகள் பெரும்பாலும் குளிர்காலத்திலிருந்து வசந்தம் வரை. எதுவாக இருந்தாலும் கடிதம் எழுத உங்கள் பள்ளியில் இருக்கும் என்னைப் போன்றவருக்கு மூன்று வாரமாவது கொடுங்கள். கடைசி நாளுக்கு முந்தின இரவு பதினொரு மணிக்கு மின்னஞ்சல் வந்தால், கடின உழைப்பாளி, பணிவானவள் என்றுதான் எழுத வரும்.