முன்குறித்தல்: சொல் விளக்கம்

தொப்பூர் கணவாயில் லாரி மோதி ஓர் இளைஞன் இறந்துபோகிறான். துக்க வீட்டில் யாராவது ஒருவர், "அவனுக்கு அவ்வளவுதான்னு கர்த்தர் முன்குறிச்சிட்டார்" என்பார். ஆறுதலுக்காகச் சொல்வது, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வாக்கியத்தில் 'முன்குறித்தல்' வந்து உட்கார்ந்திருப்பது 'தலையெழுத்து' உட்கார வேண்டிய இடத்தில். தேவன் தம் நோக்கத்துக்காக ஒன்றை முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் முன்குறித்தல். கிறிஸ்தவச் சபைத் தமிழில் இவ்வளவு புழங்கி இவ்வளவு தவறாகப் புரிந்துகொள்ளப்படும் சொற்கள் குறைவு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கத்தோலிக்கர், லுத்தரன், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என நான்கு தரப்பாரும் இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். ஆளுக்கொரு பொருளை வைத்துக்கொண்டு சொல்கிறார்கள்.

மூலச்சொல்

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இது 'புரோஹொரிட்சோ'. 'புரோ' என்றால் முன். 'ஹொரிட்சோ' என்றால் எல்லை வகுப்பது. அதற்கும் அடியில் இருப்பது 'ஹோரோஸ்', அதாவது எல்லை, எல்லைக்கல். ஏதென்ஸ் நகரச் சந்தைத் திடலின் ஓரங்களில் நட்டிருந்த இப்படிப்பட்ட கற்கள் அகழாய்வில் கிடைத்துள்ளன. "நான் சந்தையின் எல்லை" என்று கல்லே பேசுவதுபோல் அவற்றில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் சர்வேயர் நிலம் அளந்து கல் நட்ட பிறகுதான் வரப்பும் வேலியும் வருகின்றன. 'புரோஹொரிட்சோ' அந்தக் கல்லை முன்கூட்டியே நடும் வேலை. லத்தீனில் இது 'பிரேடெஸ்டினாசியோ' ஆகி, ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் அங்கிருந்து போனது.

தமிழில் 'குறி' என்பதற்கு அடையாளம் என்றும் பொருள், இலக்கு என்றும் பொருள். கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறோம், குறி பார்த்து எறிகிறோம், குறிக்கோள் என்கிறோம். அடையாளமிடுவதும் இலக்கு வைப்பதும் ஒரே சொல்லில் அடங்குவதால், 'முன்குறி' லத்தீனைவிடக் கிரேக்கத்துக்கு நெருக்கமாகவே நிற்கிறது. ஒரே சங்கடம், 'குறி சொல்வது', 'குறி கேட்பது' என்ற வழக்கு பக்கத்திலேயே இருப்பது. வரப்போவதைச் சொல்லிவிடுவதுதான் முன்குறித்தல் என்று பலர் நினைப்பதற்கு இந்தப் பக்கத்து வீட்டுச் சொல்லும் ஒரு காரணம்.

எங்கே வருகிறது

மூலத்தில் ஆறே இடங்கள்: அப்போஸ்தலர் 4:28, ரோமர் 8:29, 8:30, 1 கொரிந்தியர் 2:7, எபேசியர் 1:5, 1:11. தமிழில் மட்டும் தேடினால் ஓர் இடம் கைநழுவும். 1 கொரிந்தியரில் பழைய திருப்புதல், அதாவது புராட்டஸ்டண்ட் சபைகள் படிக்கும் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு, 'ஏற்படுத்தினதும்' என்று போட்டுவிட்டது.

ஆறையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது இரண்டு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது: யாரை அல்லது எதை முன்குறித்தார்? எதற்காக முன்குறித்தார்? ரோமர் 8:29இல் "தமது குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாயிருப்பதற்கு". எபேசியர் 1:5இல் "சுவிகாரபுத்திரராகும்படி". அப்போஸ்தலரில் ஏரோதும் பிலாத்தும் சேர்ந்து இயேசுவுக்குச் செய்தவை. வேறு யாருடைய சாவுக்கும் விபத்துக்கும் நோய்க்கும் இந்தச் சொல் வரவில்லை. ஒருவர் நரகத்துக்கு முன்குறிக்கப்பட்டார் என்றும் இந்தச் சொல் ஆறில் ஓரிடத்திலும் சொல்லவில்லை. 'இரட்டை முன்குறிப்பு', அதாவது சிலரை மீட்புக்கும் சிலரை அழிவுக்கும் குறித்தல் என்பதை நிறுவ விரும்புவோர், ரோமர் 9:22இன் "அழிவுக்கு எத்தனமாக்கப்பட்ட" பாத்திரங்கள் போன்ற வேறு சொற்களிடம்தான் போகவேண்டியிருக்கிறது.

'தெரிந்துகொண்டார்' என்ற பள்ளம்

இங்கேதான் இன்றைய வாசகர் அதிகம் தடுக்கி விழுகிறார். எபேசியர் 1:4, உலகத்தோற்றத்துக்கு முன்னே கிறிஸ்துவுக்குள் தேவன் "நம்மைத் தெரிந்துகொண்டபடியே" என்கிறது. இன்று நாம் 'தெரிந்துகொண்டேன்' என்றால் அறிந்துகொண்டேன் என்று பொருள். பழைய திருப்புதலில் அது தேர்ந்தெடுத்தல். திருக்குறளின் 'தெரிந்து வினையாடல்' அதிகாரத்தில் இருப்பதும் ஆராய்ந்து தேர்தல் என்ற பழைய பொருள்தான். ஈழத்தில் இன்றும் 'தெரிவு செய்தல்' என்பார்கள்.

'தெரிந்துகொண்டார்' என்பதை 'அறிந்துகொண்டார்' என்று படித்துவிட்டால் வாக்கியத்தின் தலையே மாறிப்போகும். நாம் நம்புவோம் என்று தேவன் முன்னமே அறிந்தார், ஆகவே முன்குறித்தார் என்றாகிவிடும். அது ஒரு தரப்பின் இறையியல் முடிவு, அதற்கு வேறு ஆதாரங்கள் உண்டு. ஆனால் இந்த வசனத்தில் அது சொல்மயக்கத்தால் நுழைவது.

ரோமர் 8:29இல் இன்னொரு வேடிக்கை. பழைய திருப்புதல் "தேவன் எவர்களை முன்னறிந்தாரோ" என்கிறது. கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பு அதே இடத்தில் "முன்பே தேர்ந்துகொள்ளப்பட்டோர்" என்கிறது. கிரேக்கச் சொல்லுக்கு நேர்ப்பொருள் முன்னறிதல். எபிரேய வழக்கில் 'அறிதல்' என்றால் உறவுகொண்டு தனக்கென எடுத்துக்கொள்வது என்றும் வரும் என்பதால், இரண்டாவதற்கும் இடமுண்டு. நூற்றாண்டுகளாக நடக்கும் வழக்கு ஒரு வினைச்சொல்லுக்குள் இருக்கிறது.

முன்னறிதல் வேறு, முன்குறித்தல் வேறு என்பதற்கு மாந்தோப்பு போதும். தையில் பூவைப் பார்த்தே, இந்தத் தோப்பு எவ்வளவு காய்க்கும் என்று கணக்குப் போட்டுக் குத்தகை பேசுகிறார் வியாபாரி. அது முன்னறிதல். அவர் அறிந்ததால் ஒரு பிஞ்சும் கூடுதலாகப் பிடிக்காது. சந்தூர் நர்சரியில் கொட்டை முளைத்த நாற்றின் தலையைச் சீவி, பெங்களூராக் குச்சியைச் செருகி ஒட்டுக் கட்டுகிறவர் செய்வது வேறு. அந்தக் கன்று என்ன காய் காய்க்க வேண்டும் என்பது அன்றே முடிவாகிறது. அது முன்குறித்தல். நாற்றுக்கு விருப்பம் என்று ஒன்று கிடையாதே என்பீர்கள். சரிதான். மனிதருக்கு உண்டா, உண்டென்றால் எவ்வளவு என்பதில்தான் சபைகள் பிரிந்தன.

விதி, ஊழ், தலையெழுத்து: ஏன் பொருந்தாது

ஊழ் என்பது செய்த வினையின் பயன் திரும்பி வருவது. கணக்கு நம்முடையது, வட்டியும் நம்முடையது. முன்குறித்தலோ கணக்கு தொடங்கும் முன்பே நடப்பது. யாக்கோபையும் ஏசாவையும் பற்றி ரோமர் 9:11 "பிள்ளைகள் இன்னும் பிறவாமலும், நல்வினை தீவினை ஒன்றும் செய்யாமலுமிருக்கையில்" என்கிறது. மொழிபெயர்த்தவர்கள் 'நல்வினை தீவினை' என்ற சொற்களைத் தெரிந்தே எடுத்திருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது. வினைக்கொள்கையில் ஊறிய காதுக்கு, 'இது அது இல்லை' என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

தலையெழுத்தோ வாழ்க்கை முழுவதையும் பற்றியது: வேலை, கல்யாணம், ஆயுசு எல்லாம். அதில் எழுதியவரின் அன்பு முக்கியமில்லை. முன்குறித்தலில் "தயவுள்ள சித்தத்தின்படியே" என்ற சொற்கள் ஒட்டியே வருகின்றன. ஆகவே 'முன்விதி' என்று மொழிபெயர்ப்பதைத் தவிர்ப்பதே மேல். அப்போஸ்தலர் 13:48இல் வரும் 'நியமிக்கப்பட்டவர்கள்' மூலத்தில் வேறு கிரேக்கச் சொல், அதனால் 'முன்நியமனம்' என்பதும் குழப்பும். கோட்பாட்டுக்கு 'முன்குறிப்பு', செயலுக்கு 'முன்குறித்தல்' என்று வைத்துக்கொண்டால் போதும்.

குரங்குக் குட்டியும் பூனைக் குட்டியும்

தமிழகத்துக்கு இந்தச் சண்டை புதிதல்ல. வைணவத்தில் வடகலையார் மர்க்கட நியாயம் என்பார்கள். குரங்குக் குட்டிபோல் உயிர் தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். ஒகேனக்கலில் குட்டியை வயிற்றடியில் சுமந்தபடி கிளைக்குக் கிளை தாவும் குரங்கைப் பார்த்தால் புரியும், குட்டியின் விரல்கள் தாயின் மயிரைக் கொத்தாகப் பிடித்திருக்கும். தென்கலையார் மார்ச்சார நியாயம் என்பார்கள். தாய்ப்பூனை குட்டியின் பிடரியைக் கவ்வித் தூக்கும், குட்டி காலைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா வரும்.

கிறிஸ்தவத்தில் ஆர்மீனியர் (டச்சு இறையியலாளர் ஆர்மீனியுவின் வழியினர்) குரங்குப் பக்கம், கால்வினியர் (சீர்திருத்தவாதி கால்வினின் வழியினர்) பூனைப் பக்கம் என்று விளக்குவது வசதி. அதோடு விட்டால் தப்பு. கால்வினியர் எபேசியர் 2:1ஐக் காட்டி, மனிதர் பாவத்தில் "மரித்தவர்கள்" என்பார். பூனைக் குட்டியாவது கத்தும், செத்தது கத்தாது. ஆர்மீனியரோ, பற்றிக்கொள்ளும் அந்தக் கைக்கே முதலில் பலம் தருவது கிருபைதான் என்பார். அதற்கு 'முந்து கிருபை' என்று பெயர். 'ஆர்மீனியர் சுயபலத்தை நம்புகிறவர்' என்று பிரசங்கத்தில் அடிப்பது நியாயமில்லை. அப்படிச் சொன்னவர் பெலாகியு என்ற துறவி. அவர் கொள்கையை 418இல் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர் சங்கம் கண்டித்தது.

மற்ற வரலாற்றைச் சுருக்கலாம். அகுஸ்தீன் (354–430) கிருபையே முந்துகிறது என்றார். 529இல் ஓரஞ்சு சங்கம் அதை ஏற்று, தீமைக்கு முன்குறித்தலை மறுத்தது. 1525இல் லூத்தர், மனிதனின் சித்தம் அடிமைப்பட்டது என்று எராஸ்முஸ் என்ற அறிஞருக்கு மறுப்பு எழுதினார். ஆர்மீனியு 1609இல் இறந்தார், அவர் வழியினர் அடுத்த ஆண்டு ஐந்து கூற்றுகளை வைத்தார்கள். அவற்றுக்கு எதிராக 1618–19இல் நெதர்லாந்தில் கூடிய டார்ட் சங்கம் தீர்த்ததுதான் இன்று 'கால்வினின் ஐந்து குறிப்புகள்' எனப்படுவது. கால்வின் 1564இலேயே இறந்துவிட்டார் என்பதைச் சொல்லிவைக்க வேண்டும்.

நம் இரண்டு மாவட்டங்களில்

மிசூரி லுத்தரன் மிஷன் இந்தியாவில் வேலையைத் தொடங்கிய இடம் கிருஷ்ணகிரி, ஆண்டு 1895. பதினான்கு ஆண்டுக்கு முன், 1881இல், அதே மிசூரி சபை அமெரிக்காவில் இந்த ஒரு சொல்லுக்காகவே பிளவு கண்டிருந்தது. தேவன் ஒருவரின் விசுவாசத்தை முன்னே பார்த்துத்தான் தேர்ந்தாரா என்பது கேள்வி. இல்லை, விசுவாசமே தேர்தலின் கனி என்றது மிசூரி. ஆனால் கால்வினியரைப்போல் அழிவுக்கும் தேர்ந்தெடுத்தல் உண்டு என்றும் சொல்லவில்லை. மீட்கப்பட்டால் முழுக்கக் கிருபை, கெட்டால் முழுக்க மனிதன் குற்றம். இரண்டையும் இணைக்கும் தர்க்கத்தைத் தேடாதே என்பது அவர்கள் நிலை. 1577ஆம் ஆண்டு லுத்தரன் அறிக்கையும் இதையே சொல்கிறது.

தருமபுரி மறைமாவட்டம் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்தது. கத்தோலிக்கப் போதனையில், தேவன் தம் திட்டத்தில் ஒவ்வொருவரின் சுதந்திரமான மறுமொழியையும் சேர்த்தே முன்குறிக்கிறார். நரகத்துக்கு யாரையும் முன்குறிப்பதில்லை. 1947இல் உருவான சி.எஸ்.ஐ.யில் கால்வின் மரபில் வந்தவர்களும் ஆர்மீனியச் சார்புள்ள வெஸ்லி மரபில் வந்தவர்களும் இணைந்தார்கள், அதனால் அங்கே போதகருக்குப் போதகர் அழுத்தம் மாறும். பெந்தெகொஸ்தே சபைகள் பெரும்பாலும் ஆர்மீனிய வழி. 'பின்வாங்கிப்போனார்' என்ற பேச்சு அங்கே அடிக்கடி கேட்பது அதனால்தான்.

எதிர்ச்சொல்லுக்கு என்ன தமிழ்

முன்குறித்தலுக்கு எதிரே வைத்துப் பேசப்படுவது, மனிதர் தாமே தேர்ந்தெடுக்கும் ஆற்றல். அதைச் 'சுயாதீனம்' என்பார்கள். கலாத்தியர் 5:1இன் 'சுயாதீனம்' கிறிஸ்து தந்த விடுதலை, தேர்ந்தெடுக்கும் ஆற்றல் அல்ல. 'சுயசித்தம்' இன்னும் மோசம். பிரசங்க மேடையில் "சுயசித்தம் சாகணும்" என்றால் அது பிடிவாதம், தேவசித்தத்துக்கு எதிரி. கோட்பாட்டு விவாதத்தில் அதைப் போட்டால், விவாதம் தொடங்கும் முன்பே ஒரு தரப்புக்குத் தீர்ப்பு எழுதியதாகிவிடும். 'தன்விருப்பம்' எந்தப் பக்கமும் சாயாதது. பிலிப்பியர் 2:12, "உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்று கட்டளையிடுகிறது. அடுத்த வசனமே தேவன் "விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவராயிருக்கிறார்" என்கிறது. முதல் வசனத்தை ஆர்மீனியரும் இரண்டாவதைக் கால்வினியரும் அடிக்கோடிடுவார்கள். 'விருப்பம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டால் இருவரும் ஒரே பக்கத்தைத் திறந்து பேசலாம்.