கீ என்றால் விசை அல்ல, கட்டை

டெக்னோ என்னும் மின்னணு நடன இசை டிராக்குகளைக் கலக்கக் கற்றுத்தரும் தமிழ் வீடியோக்களில், பாட்டின் ஆதாரச் சுர நிலையைக் குறிக்கும் 'கீ' வருகிற இடமெல்லாம் 'விசை' என்று போட்டுவிடுகிறார்கள். "இரண்டு டிராக்கின் விசையும் வேகமும் பொருந்த வேண்டும்" என்பது கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன வாக்கியம். கொழிஞ்சாம்பாறையில் கல்யாண வீடுகளுக்கு டீஜே செட் போடும் பையன் ஒருவன், "விசைன்னாலும் வேகந்தானேண்ணா, எதுக்கு ரெண்டு தடவை சொல்றாங்க?" என்றான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. விசையாகப் போ என்றால் வேகமாகப் போ என்றுதான் தமிழ் தெரிந்த எவரும் எடுத்துக்கொள்வார்கள்.

மூலச் சொல்லின் கதை சின்னது. லத்தீனில் 'கிளாவிஸ்' என்றால் சாவி. இடைக்கால ஐரோப்பாவில் சுரத்தைக் குறிக்கும் எழுத்துக்கு அந்தப் பெயர் ஆகிவந்தது, ஆர்கனில் விரல் அழுத்தும் துண்டுக்கும் வந்தது. ஒரு பாட்டு எந்தச் சுரத்தை ஆதாரமாகக் கொண்டு நிற்கிறதோ அந்த நிலைக்கு ஆங்கிலத்தில் கீ என்பது அந்த வழியில் வந்ததுதான்.

தமிழ் யாரும் சொல்லித்தராமலே இதே வழியில் போயிருக்கிறது. ஆர்மோனியத்தில் அழுத்தும் மரத்துண்டு கட்டை. பாடகர் வந்து உட்கார்ந்ததும் பக்கவாத்தியக்காரர் கேட்பது "எத்தனை கட்டை?" என்றுதான். மேற்கத்தியச் சுரமான 'சி' ஒரு கட்டை, 'டி' இரண்டு, 'ஏ' ஆறு, நடுவிலுள்ள கறுப்புகள் ஒன்றரை, ஐந்தரை, ஆறரை. எங்கள் பாலக்காட்டுப் பக்கம் பஜனை மடத்தில் மலையாளிகளும் "எத்ர கட்ட?" என்றே கேட்கிறார்கள். இப்படி இரண்டு மொழிக்காரர்களின் வாயில் புழங்கும் சொல்லை விட்டுவிட்டு, கணினி அகராதியில் விசைப்பலகைக்குப் பக்கத்தில் கிடந்ததை எடுத்து வந்து இசைக்கு ஒட்டுவது சோம்பேறித்தனம். மொழிபெயர்ப்பவர் ஒரு ஆர்மோனியக்காரரிடம் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் போதும்.

'ராகம்' என்று சொல்பவர்களும் உண்டு. ராகம் ஒன்றேயாக இருந்தாலும் ஒரு கட்டையில் பாடியதையும் ஒன்றரைக் கட்டையில் பாடியதையும் சேர்த்து ஓடவிட்டால் காது கூசும். 'சுருதி' பரவாயில்லை. ஆனால் சுருதி சேர்ப்பது என்றால் விலகி நிற்கும் தந்தியைச் சரிசெய்வது. இரண்டு டிராக்குகளும் சுத்தமான சுருதியிலேயே இருந்து, கட்டை மட்டும் வேறாக இருக்கலாம். டீஜேக்குத் தெரியவேண்டியது அதுதான்.

கட்டை என்பது மேஜரா மைனரா (மேற்கத்திய இசையின் இரண்டு சுர வரிசைகளில் எது) என்று காட்டாதே என்பார்கள். உண்மைதான், அதைக் கூடவே சொல்லிவிட வேண்டும். எந்தக் கீயோடு எது பொருந்தும் என்று டீஜேக்களுக்குக் காட்டும் கேமலாட் சக்கரத்தில் 8ஏ என்பது ஏ மைனர், 8பி என்பது சி மேஜர். நம் கணக்கில் ஆறு கட்டை நடபைரவி ராகமும் ஒரு கட்டை சங்கராபரண ராகமும். ஏழு சுரங்களும் அவையே, ஆதாரம்தான் வேறு. கிரகபேதம், அதாவது ஆதாரச் சுரத்தை மாற்றி வேறு ராகம் காட்டுவது, தெரிந்தவருக்கு அந்தச் சக்கரம் ஏன் இவை இரண்டையும் பக்கத்தில் வைத்திருக்கிறது என்பது உடனே விளங்கும். 'விசை 8ஏ' என்று எழுதினால் என்ன விளங்கும்?

பாட்டின் வேகத்தைக் குறிக்கும் டெம்போவுக்குத் 'தாளம்' என்பதும் இதே கோளாறுதான். டெக்னோ பெரும்பாலும் நாலு அடி. தாளம் ஏற்கெனவே ஒன்று, பொருத்த வேண்டியது காலப்பிரமாணம், அதாவது ஓடும் வேகம். செண்டை மேளம் கேட்டு வளர்ந்த எங்களுக்குக் 'காலம்' என்றாலே போதும். பஞ்சாரி மேளம் முதல் காலத்தில் சுற்றுக்கு 96 அட்சரத்தில் (தாள எண்ணிக்கையில்) தொடங்கி, வேகம் கூடக்கூட 48, 24, 12 என்று குறுகி, ஐந்தாம் காலத்தில் 6-க்கு வந்து நிற்கும். காலம் ஏறுகிறது என்று ஊரே சொல்லும்.

காலத்தையும் கட்டையையும் தனித்தனிப் பெயரில் வைக்கக் காரணம் உண்டு. ரெக்கார்டு சுழலும் டர்ன்டேபிளில் ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும். நிமிடத்துக்கு 130 அடியில் ஓடும் டிராக்கை 138-க்கு ஏற்றினால் ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல். ஆறு கட்டையில் இருந்தது ஏறக்குறைய ஆறரைக்குப் போய்விடும், 8ஏ 3ஏ ஆகிவிடும். பக்கத்தில் ஓடும் இன்னொரு 8ஏ டிராக்கோடு அதன் பேஸ் என்னும் கனத்த கீழ்ச்சுர ஒலி மோதும். மென்பொருளில் 'கீ லாக்' பொத்தான் இதற்காகத்தான் இருக்கிறது. அதை 'விசைப்பூட்டு' என்று எழுதினால், லேப்டாப்பின் பட்டன்கள் வேலை செய்யாமல் போகும் என்று நினைத்து யாரும் தொடமாட்டார்கள். 'கட்டைப் பூட்டு' என்று எழுதுங்கள். காலம் ஏறினாலும் கட்டை ஏறாது என்பது பொத்தானைப் பார்த்ததும் தெரியும்.