பாலிகீட்டா: பலசுணைப் புழு

கிரேக்கத்திலிருந்து வந்த சொல் இது. 'பாலி' என்றால் பல. 'கைட்டே' என்றால் நீண்ட முடி, பிடரிமயிர். உடல் வளையம் வளையமாக அமைந்து, ஒவ்வொரு வளையத்தின் இருபுறமும் குட்டைப் பக்கக்கால்களும் அவற்றில் கொத்தாக விறைத்த முடிகளும் கொண்ட புழுக்கள் இவை. பெரும்பாலானவை கடலில் வாழ்பவை. விலங்கியல் பாடத்தில் படித்த நீரிஸ் இந்த வகைதான்.

நேராகப் பெயர்த்தால் 'பலமயிர்ப் புழு'. எனக்கு அதில் நிறைவில்லை. மயிர் துவளும், இது குத்தும். மதுரைப் பக்கம் களத்துமேட்டில் நின்றவர்களிடம் இதற்குச் சரியான சொல் இருக்கிறது: சுணை. வைக்கோல் சுணை பட்டால் கழுத்தெல்லாம் அரிக்குமே, அதே சுணை. ஆகவே பலசுணைப் புழு. 'பல்சுணை' என்று குறுக்கினால் பல்லோ என்று மயங்க இடமுண்டு.

மண்புழு இதன் உறவு. ஆலிகோகீட்டா, அதாவது சிலசுணைப் புழு. வாலிலிருந்து தலைப்பக்கமாக விரலால் நீவினால் சொரசொரவென்று தட்டுப்படும். அதற்கு நாங்கூழ் என்ற பழம்பெயரும் உண்டு. மேலூர் அருகே திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர் திருவாசகத்தில் அதை ஆண்டிருக்கிறார். வயல் புழுவுக்குப் பெயர் வைத்தவர்கள் கடல் புழுவுக்கும் வைக்க வேண்டிய நேரம் இது.

காரணம், கடலடியிலிருந்து உலோகம் அள்ளும் சுரங்கத் தொழில். ஹவாயிக்கும் மெக்சிகோவுக்கும் நடுவே கிளாரியன்-கிளிப்பர்டன் பகுதியில், 4,000 மீட்டருக்கும் கீழே, மாங்கனீசு, நிக்கல், கோபால்ட், செம்பு அடங்கிய உலோக முண்டுகள், அதாவது கட்டிகள், சேற்றின் மேல் கிடக்கின்றன. ஒரு முண்டு சில மில்லிமீட்டர் வளரவே பத்து லட்சம் ஆண்டு பிடிக்கும். அவற்றைச் சுற்றியுள்ள சேற்றில் கண்ணுக்குத் தெரியும் சிற்றுயிர்களில் பலசுணைப் புழுக்களே மிகுதி. சில இனங்கள் முண்டின் மேலேயே சுண்ணாம்புக் குழாய் கட்டிக் குடியிருக்கும். முண்டை அள்ளினால் வீடும் போயிற்று. அந்தப் பகுதியில் வாழும் விலங்கினங்கள் ஐயாயிரத்துக்கு மேல் என்றும், அவற்றில் ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்கு அறிவியல் பெயரே இல்லை என்றும் 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஜெல்லிமீன், நட்சத்திரமீன் என்று கண்ணைக் கவர்பவற்றுக்குக் கிடைக்கும் அக்கறை இவற்றுக்குக் கிடைப்பதில்லை. செய்திகளில் வெறும் 'புழு' என்று முடித்துவிடுகிறோம்.

இது பசிபிக்கோடு நிற்கும் செய்தியும் அல்ல. நடு இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டரில் இதே முண்டுகளை ஆராய இந்தியா 2002இல் ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்தச் சேற்றிலும் பலசுணைப் புழுக்கள் உண்டு.