புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் இளைஞர்கள்: காப்பீட்டைத் தாண்டி எங்கே எதைக் கேட்கலாம்?

இருபத்திரண்டு வயதில் ரத்தப் புற்றுநோயோ எலும்புப் புற்றுநோயோ வந்தால் எழும் கேள்விகள் வேறு. படிப்பு பாதியில் நிற்கும். வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. வீட்டில் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். மருந்துச் செலவுக்குக் காப்பீடு இருக்கிறது என்பது பலருக்கும் தெரியும். மற்ற உதவிகள் ரயில்வே, சுகாதாரத் துறை, மாற்றுத்திறனாளிகள் நலத் துறை என்று சிதறிக் கிடக்கின்றன. ஒரே விண்ணப்பத்தில் எல்லாம் வந்துவிடாது.

முதலில் காப்பீடு. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்த வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

இளைஞர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடும்ப அட்டையில் பெயர் இருப்பதை வைத்துத்தான் குடும்ப உறுப்பினரா என்று பார்ப்பார்கள். கல்யாணமானதும் பிறந்த வீட்டு அட்டையில் பெயரை நீக்கிவிட்டு, புது அட்டை வாங்காமல் விட்டுவிட்டால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். அப்புறம், 5 லட்சம் என்பது மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து. அதே ஆண்டில் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்திருந்தால் மீதித் தொகைதான் உங்களுக்கு.

கீமோ என்னும் மருந்து சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே பேச வேண்டிய விஷயம் குழந்தைப்பேறு. சில மருந்துகளும் இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சும் கருவுறும் திறனைப் பாதிக்கலாம். விந்தணுவையோ கருமுட்டையையோ உறையவைத்துப் பாதுகாக்க வழி இருக்கிறது. ஆனால் கருவுறுதல் தொடர்பான சிகிச்சைகளை, முதலமைச்சர் காப்பீட்டோடு இணைந்து நடக்கும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. எனவே இது பெரும்பாலும் கைக்காசில்தான் நடக்கும். என்னைக் கேட்டால், இளம் நோயாளிகள் விஷயத்தில் பெரிய ஓட்டை இதுதான். அம்மா அப்பா பக்கத்தில் இருக்கும்போது டாக்டரும் இதைப் பற்றிப் பேசத் தயங்குவார், பையனும் கேட்க மாட்டான். கூச்சமாக இருந்தால் டாக்டரைத் தனியாகப் பார்த்தாவது கேட்டுவிடுங்கள். முதல் ஊசி போட்ட பிறகு கேட்டால் காலம் கடந்திருக்கலாம்.

அடுத்தது பயணம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடையாறுக்கோ வேலூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய் வருகிறவர்களுக்கு ரயில்வே தரும் சலுகை பெரியது. சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் அடிப்படைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு, ஏசி சேர் கார் ஆகியவற்றில் 75 சதவீதம். முதல் வகுப்பு ஏசியிலும் இரண்டடுக்கு ஏசியிலும் 50 சதவீதம். துணைக்கு வரும் ஒருவருக்கும் சலுகை உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் அவருக்கு 75 சதவீதம், மற்ற வகுப்புகளில் நோயாளிக்கு உள்ள அதே அளவு. முன்பதிவுக் கட்டணம், சூப்பர்ஃபாஸ்ட் கட்டணம் எல்லாம் தனி. தட்கலில் எந்தச் சலுகையும் கிடையாது.

கொரோனா காலத்தில் ரயில் சலுகையெல்லாம் போய்விட்டது என்று நினைத்து முழுக் காசு கொடுத்துப் போகிறவர்கள் உண்டு. 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் சலுகை நிறுத்தப்பட்டது உண்மை. நோயாளிகள், மாணவர்கள், சில வகை மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கான சலுகைகளில் அப்போதும் கைவைக்கவில்லை. ரயில்வே வகுத்த படிவத்தில் மருத்துவமனைப் பொறுப்பு அலுவலரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, முன்பதிவு கவுன்டரில் காட்டி டிக்கெட் எடுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே அடுத்த முறைக்கான படிவத்தையும் கேட்டுப் பாருங்கள், ஒரு அலைச்சல் மிச்சம். கல்லூரி மாணவராக இருந்தால் மாணவர் சலுகையையும் இதையும் ஒரே டிக்கெட்டில் சேர்க்க முடியாது.

மனசு தளர்ந்தால் 14416. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இயங்கும் இலவசத் தொலைபேசி மனநல ஆலோசனை இது. தமிழிலேயே பேசலாம், வீட்டில் கவனித்துக்கொள்கிறவர்களும் கூப்பிடலாம். வலி நிவாரணப் பராமரிப்பும் இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே தேவைப்பட்டால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரண்டும் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் போதும்.

கடைசியாக, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் சொல்லும் 21 குறைபாட்டு வகைகளில் புற்றுநோய் இல்லை. நோயைக் காட்டி மட்டும் அட்டை வாங்க முடியாது. ஆனால் எலும்புப் புற்றுநோயால் காலை எடுத்திருந்தாலோ, மருந்தால் காது கேட்பது குறைந்திருந்தாலோ, அந்தக் குறைபாட்டுக்காக மருத்துவக் குழுவிடம் சான்று கேட்கலாம். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றில் வந்தால், அரசு வேலையிலும் உயர்கல்வியிலும் உள்ள இடஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.